ஆறப் பொறுத்த குமிழி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு எறும்பு என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்கள். ஆனால் அப்படிக் கூப்பிடாதவர் யாருமில்லை. பெயர் வைத்தவரைக் குறை சொல்லவும் முடியாது. அவள் நடந்து போய் யாரும் பார்த்ததில்லை, ஓடித்தான் பார்த்திருக்கிறார்கள். ஒரு குடுவையைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே கண் அடுத்த குடுவைக்குத் தாவிவிடும். டீ சூடாக வந்தால் ஊதிக் குடிக்கிற பொறுமை கிடையாது. குழாயைத் திறந்து அதில் பச்சைத் தண்ணீரைக் கலந்து ஒரே மடக்கில் முடித்துவிடுவாள். டீயை இப்படி அவமானப்படுத்துகிற இன்னொரு பிறவியை அந்தக் கட்டடத்தில் யாரும் கண்டதில்லை.

எதிர் மேசைக்காரருக்கு நிதானம் என்று பெயர். பாராட்டு என்று நினைத்துவிட வேண்டாம், சுத்தமான கேலி. அவர் வந்து, வெள்ளைக் கோட்டை மாட்டி, பொத்தான்களைப் போட்டு முடிப்பதற்குள் எறும்பின் வேலை பாதி ஆகியிருக்கும். எந்த வேலையைக் கொடுத்தாலும் "பாத்துக்கலாம்" என்றுதான் ஆரம்பிப்பார். அவர் மேசையில் காய்ந்த பேனா, பாதி தின்ற பிஸ்கட், என்றைக்கோ படித்து மடித்த செய்தித்தாள் எல்லாம் இருக்கும். எறும்பின் மேசையில் தூசிகூட அனுமதி கேட்டுத்தான் உட்காரும்.

இரண்டு பேரும் செய்தது ஒரே வேலைதான். குமிழி செய்வது.

சோப்புக் குமிழி இல்லை. லிப்போசோம் என்பார்கள். கொழுப்பால் சுவர் கட்டிய, கண்ணுக்குத் தெரியாத குமிழி. அதற்குள் புற்றுநோய் மருந்தை அடைத்து ரத்தத்தில் விட்டால், மருந்து வழியெல்லாம் சிந்திச் சிதறாமல் கட்டி இருக்கிற இடம் வரை போய்ச் சேரும் என்பது கணக்கு. அந்த ஆய்வுக்கூடத்தின் ஆசை அதைவிடப் பெரியது: ஒரே குமிழிக்குள் இரண்டு மருந்து. ஒன்று நல்ல சிவப்பு, மற்றது தண்ணீர் மாதிரி நிறமே இல்லாதது. சிவப்பு ஒரு பங்குக்கு நிறமற்றது நாலு பங்கு என்று சேர்ந்து போனால் இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். பங்கு மாறினால் கைகொடுப்பதை விட்டுவிட்டு ஒன்றின் காலை ஒன்று வாரிவிடும். மனுஷர்களிலும் அப்படிப்பட்ட ஜோடிகள் உண்டு. அதனால் இரண்டும் அதே பங்கில், அதே நேரத்தில், அதே இடத்தில் போய் இறங்க வேண்டும்.

நிதானம் செய்த குமிழியில் பங்கு அப்படியே நின்றது. எறும்பு செய்த குமிழி ஒழுகியது. மறுநாள் அளந்து பார்த்தால் சிவப்பு உள்ளே பத்திரமாக இருக்கும். நிறமற்றது பாதிக்கு மேல் வெளியே வந்திருக்கும். அதே கொழுப்பு, அதே மருந்து, அதே வெந்நீர்த் தொட்டி. அவளுடைய சுத்தமென்ன, சுறுசுறுப்பென்ன! பிஸ்கட் துகளுக்கு நடுவே செய்த குமிழி நிற்கிறது, இவளுடையது ஒழுகுகிறது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கும் ஒழுகின கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது. அக்கா.

"என்னடி, உன் குமிழி நின்னுச்சா?"

"அக்கா, கையில வேலை. அப்புறம் பேசறேன்."

"உன் அப்புறத்தையெல்லாம் சேத்து வெச்சிருந்தா ஒரு வருஷம் உக்காந்து பேசலாம்" என்று அக்கா சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. அதற்குள் வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் துறைத் தலைவி இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அதிகம் பேசாத அம்மாள். பேசினால் சுருக்கென்றுதான் பேசுவார்.

"மாசக் கடைசியில குழு கூடுது. ரெண்டு மருந்தையும் ஒரே குமிழியில வெக்கற வேலை தொடரணுமா, மூடணுமான்னு அன்னிக்கு முடிவு. இப்போ இருக்கற நிலைமையில மூடத்தான் சொல்லுவேன்."

"இவரோடது நிக்குதே மேடம்" என்றாள் எறும்பு.

"அதான் பிரச்சினை. ஏன் நிக்குதுன்னு அவருக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. டாக்டருக்குக் கைராசி இருக்குன்னா ஜனங்க வரிசையில நிப்பாங்க. மருந்து செய்யறவங்களுக்குக் கைராசி இருக்குன்னா அந்த மருந்தை யாரும் தொடக் கூடாது."

நிதானம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "எனக்கு ராசின்னு யாரும் இதுவரைக்கும் சொன்னதில்ல மேடம்" என்றார், கொஞ்சம் மகிழ்ச்சியாகவே.

எறும்புக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவள். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். இப்போது நீண்ட விடுப்பில் வீட்டில் இருக்கிறாள். மருத்துவமனையில் அக்காவுக்கு ஏற்றுவதும் இதே இரண்டு மருந்துதான், குமிழி இல்லாமல், ஒரு பாட்டில் முடிந்து இன்னொரு பாட்டிலாக. சிவப்பு அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் படுத்தியெடுக்க, டாக்டர் அதைப் பாதியாகக் குறைத்துவிட்டார். குறைத்தது சரிதான். ஆனால் பங்கு போயிற்று. ஒரே குமிழியில் அடைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காதே என்று எறும்பு நினைக்காத நாளில்லை. அந்த வேலையை மூடிவிட்டால் தன்னால் தாங்க முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். மாடி வீடு. மாமா லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வழியில்தான் இருப்பார். அக்கா ஜன்னலோரம் தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள், வாய் மட்டும் முழுசாக இருந்தது.

"உக்காரு."

"இரு, இந்தப் பாத்திரத்தைத் தேய்ச்சுட்டு வரேன்."

"பாத்திரம் எங்கியும் ஓடிடாது. உக்காரு."

அவள் உட்காரவில்லை. பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே கதையைச் சொன்னாள். அக்காவுக்கு எதையும் தன் தொழிலில் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

"சரி, குமிழிதான் பஸ். சிவப்புச் சட்டை ஒருத்தன், வெள்ளைச் சட்டை நாலு பேரு. ஒண்ணா ஏறறாங்க. கடைசி ஸ்டாப்புல ஒண்ணா இறங்கணும். உன் வண்டியில மட்டும் வெள்ளைச் சட்டைங்க வழியிலயே இறங்கிடறானுங்க."

"ஆமா."

"கதவு சரியில்ல."

"அதே கதவுதான் அக்கா அவர் வண்டியிலயும்!"

"சிவப்புச் சட்டை ஏன் இறங்கல?"

நல்ல கேள்விதான். எறும்பின் கை ஒரு நொடி நின்றது. "அது உள்ள போனதும் கெட்டியா உறைஞ்சு உக்காந்துக்கும். சந்து கிடைச்சாலும் அதால நுழைய முடியாது. வெள்ளை கரைஞ்சபடியே இருக்கும், பொடிசு. இத்தனூண்டு சந்து போதும்."

"அப்போ உன் வண்டியில சந்து இருக்கு. அவன் வண்டியில இல்ல. அவன் வேலை செய்யறப்போ நீ பாத்தியா?"

"ரெண்டு பேரும் எழுதி வெச்சதை ஒப்பிட்டுப் பாத்துட்டேன். ஒரு புள்ளி வித்தியாசமில்ல. கடைசியில 'குளிர்ந்தபின் எடுத்து வைக்கப்பட்டது'ங்கறது வரைக்கும் ஒண்ணுதான்."

"எழுதினதை எதுக்குப் பாக்கறே? டிக்கெட்டைப் பாத்தா டிக்கெட்டுதான் தெரியும். ஆளோட முழியைப் பாத்தாதான் விஷயம் தெரியும். போய் அவனைப் பாரு."

பாத்திரம் முடிந்து, அடுப்பைத் துடைக்க ஆரம்பித்திருந்தாள் எறும்பு. அக்கா அவள் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்த மருந்து எனக்கு வராதுன்னு தெரியும்டி. எலிக்குப் போட்டு, அப்புறம் ஆளுங்களுக்குப் போட்டு, வருஷக்கணக்கா ஆகும்னு நீதான் சொன்னே. அதுக்காக இல்ல. அந்த வெள்ளைச் சட்டைக்காரன் எங்க இறங்கறான்னு தெரியாம எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

அடுப்பு ஏற்கெனவே பளபளத்தது. எறும்பு அதையே மறுபடி துடைத்தாள். உட்கார்ந்திருந்தால் அழுதிருப்பாள், அதனாலும் உட்காரவில்லை. கிளம்பும்போது அக்கா கொண்டுவந்து வைத்த டீயில் வழக்கம்போலத் தண்ணீரைக் கலந்தாள்.

"கர்மம்" என்றாள் அக்கா.

திங்கட்கிழமை நிதானம் புதிதாக ஒரு தயாரிப்பு ஆரம்பித்தார். எறும்பு பக்கத்துத் தொட்டியில் கழுவின குடுவைகளையே திரும்பக் கழுவிக்கொண்டு அவரை வேவு பார்த்தாள். வேவு பார்ப்பது அவளுக்கு வராது. முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும். நல்லவேளையாக அவர் அடுத்தவர் முகத்தைப் பார்க்கிற ஆள் இல்லை.

அவர் கொழுப்பைக் கரைத்து, குடுவையின் உள்பக்கம் மெல்லிய படலமாகப் படியவைத்தார். இவளும் அப்படித்தான் செய்வாள். நிறமற்ற மருந்து கலந்த வெந்நீரை ஊற்றிக் குலுக்கினார். இவளும்தான். நுண்துளை வடிகட்டி வழியாக அழுத்தித் தள்ளி, குமிழிகளை ஒரே அளவாக்கினார். பிறகு சிவப்பைச் சேர்த்து வெந்நீர்த் தொட்டியில் வைத்தார். சிவப்பு தானாக உள்ளே போய் உட்கார வேண்டும். மெதுவாகச் செய்தார் என்பதைத் தவிர ஒரு வித்தியாசமும் இல்லை. அவர் ஏதோ மறைக்கிறார் என்று மனசின் ஒரு மூலையில் அவள் நம்பியிருந்தாள். மறைக்கிற அளவுக்கு அந்த மனுஷனிடம் எதுவும் இல்லை. அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது.

சிவப்பு ஏறிவிட்டது, நேரக்கணக்குக்கு வைத்திருந்த மணி அடித்தது. நிதானம் தொட்டியின் சுவிட்சை அணைத்தார். குடுவையை எடுக்கக் கையை நீட்டினார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. மனைவி. அந்த அம்மாள் வேறு ஊரில் வேலை பார்க்கிறவர், நிறைமாசம். பிறக்கப்போகிற குழந்தைக்கு என்ன பெயர் என்பதில் புருஷன் பெண்டாட்டிக்குள் பல வாரமாகச் சண்டை. சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிட்டால்தான் உண்டு. "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று குழைந்துகொண்டே அவர் நடைவழிக்குப் போய்விட்டார். குடுவை அணைத்த தொட்டியிலேயே, வெந்நீரிலேயே நின்றது.

எறும்பின் கை பரபரத்தது. அவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வேலை முடிந்த குடுவை இப்படியா கேட்பாரற்றுக் கிடக்கும்? எடுத்து ஐஸ் வாளியில் முக்கினால் ஒரு நிமிஷத்தில் குளிர்ந்துவிடும், மூடி போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். அவள் எப்போதும் அதைத்தான் செய்வாள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. அவள் தொட்டிக்குப் பக்கத்தில் போய், குடுவையின் கழுத்தைப் பிடித்தும்விட்டாள்.

பிடித்த கை அப்படியே நின்றது.

நடைவழியில் நிதானத்தின் குரல் கேட்டது. "அந்தப் பேர்ல என் கூடப் படிச்சவன் ஒருத்தன் இருந்தான்மா, மகா போக்கிரி..." சண்டை இப்போதைக்கு முடிகிற மாதிரி இல்லை. எறும்பு கழுத்திலிருந்து கையை எடுத்தாள். விரலை மெதுவாகத் தொட்டித் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். சூடு இறங்கிக்கொண்டிருந்தது, ஆனால் அவசரமில்லாமல்.

'குளிர்ந்தபின்' என்று இரண்டு பேரும் எழுதினார்கள். அவருடையது ஆறியது. அவளுடையதை அவள் குளிரவைத்தாள். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள்!

அவளுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து யோசித்தாள். சூட்டில் கொழுப்பு இளகியிருக்கும். ஆற ஆறக் கெட்டிப்படும். மெல்ல ஆறினால் ஒவ்வொரு துணுக்கும் தன் இடம் பார்த்து, நகர்ந்து கொடுத்து, நெருக்கியடித்து உட்கார நேரம் இருக்கும். ஐஸில் முக்கினால்? எது எங்கே நின்றதோ அது அங்கேயே விறைத்துப்போகும். சுவர் திட்டுத் திட்டாக உறையும். திட்டுக்கும் திட்டுக்கும் நடுவே சந்து. வெள்ளைச் சட்டைக்காரனுக்கு அது போதாதா?

நிதானம் திரும்பி வந்து அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிட்டார். "உடம்புக்கு ஏதாவது?"

"ஒண்ணுமில்ல. தினமும் இப்படித்தான் போன் வருமா?"

அவர் முகம் சுருங்கிப்போனது. "தினமும்தான்... அதாவது, சாப்பாட்டு நேரத்துலதான் அவளுக்கு ஓய்வு... மேடம்கிட்ட சொல்லிடாதீங்க."

தோன்றினது நிஜமாகிவிடாது, சோதித்துப் பார்க்க வேண்டும். மறுநாள் எறும்பு ஒரு தயாரிப்பைத் தன் கையாலேயே செய்து, கடைசியில் இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியை ஐஸில் முக்கினாள். இன்னொரு பாதியை அணைத்த தொட்டியில் விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளங்கை அரித்தது. போதாக்குறைக்கு நிதானத்திடம் கெஞ்சி அவருடைய தயாரிப்பிலும் ஒரு பாதியை வாங்கி ஐஸில் போட்டாள். "பாவம், அது என்ன பண்ணுச்சு?" என்றார் அவர்.

மறுநாள் அளந்தாள். ஐஸில் போட்டவை, அவளுடையதும் அவருடையதும், இரண்டுமே ஒழுகியிருந்தன. ஆறவிட்ட பாதியில் ஒன்றுக்கு நாலு அப்படியே நின்றது. அவள் கை செய்த குமிழி, முதல்முறையாக, சொட்டுக்கூட ஒழுகாமல் நின்றது! சத்தம் போட்டே விட்டாள். நிதானத்தின் பிஸ்கட் கீழே விழுந்தது.

இன்னும் இரண்டு தடவை செய்து பார்த்தாள். மாறவில்லை. மாசக் கடைசியில் குழு கூடியது. எறும்பு எழுந்து எல்லாவற்றையும் விளக்கினாள். நிதானம் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார், போன் விஷயம் வந்துவிடுமே என்ற பயத்தில். வரத்தான் செய்தது.

"இவருடைய குடுவை தொட்டியில அவ்வளவு நேரம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் துறைத் தலைவி.

எறும்பு அவரைப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது, காட்டிக்கொடுக்கவும் மனசில்லை. அவரே எழுந்தார்.

"வீட்டுக்காரிகூடப் பேசிட்டிருந்தேன் மேடம்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ செய்முறையில என்ன எழுதறது? மருந்தைச் சேர்க்கவும், தொட்டியை அணைக்கவும், மனைவியோட சண்டை போடவும்னா?" குழுவில் யாரோ முதலில் சிரிக்க, பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நிதானமும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

வேலையை மூடவில்லை. தொடரலாம் என்று முடிவானது. செய்முறையில் புதிதாக ஒரு படி சேர்ந்தது: தொட்டியை அணைத்தபின் ஒரு மணி நேரம் குடுவையைத் தொடக் கூடாது, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வரியை எழுதும்போது எறும்பு 'குளிர' என்று எழுத வந்து, நிறுத்தி, 'தானாக ஆற' என்று எழுதினாள்.

எலிகளுக்கான முதல் தயாரிப்பு அவளுடைய பொறுப்பு. சிவப்பு ஏறியது, மணி அடித்தது, தொட்டியை அணைத்தாள். முக்காலியில் உட்கார்ந்தாள். கழுவ ஒன்றும் இல்லை. எல்லாம் காலையிலேயே கழுவியாகிவிட்டது. துடைக்க ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமே இல்லை. இந்த நேரத்தில் நிதானம் என்ன செய்வார் என்று நினைத்தாள். போனை எடுத்தாள்.

"என்னாச்சு?" என்றாள் அக்கா, குரல் பதற. "யாருக்கு என்ன? வேலை நேரத்துல நீ கூப்பிடறே?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. எனக்கு ஒரு மணி நேரம் வேலை இல்ல."

"வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"இல்ல அக்கா. குமிழி ஆறணும். நான் கை வெக்கக் கூடாது. சட்டமே அப்படித்தான். கண்டுபிடிச்சுட்டேன்."

முழுவதையும் சொன்னாள். ஐஸ் வாளி, போன் சண்டை, திட்டும் சந்தும் எல்லாம். முடிந்தபின் மறுமுனையில் இருமலா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ கேட்டது. சிரிப்புதான்.

"ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கல!" என்றாள் அக்கா. "அந்த டீயில பச்சைத்தண்ணி ஊத்தும்போதே எனக்குத் தோணியிருக்கணும்டி. ஐயோ, அந்த வெள்ளைச் சட்டைக்காரங்க பாவம்டி, குளிர் தாங்காம எறங்கிட்டானுங்க..." அவளுக்கு மூச்சு வாங்கியது. அப்படியும் சிரித்தாள். எறும்பும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், திரும்பவும் சிரித்தாள்.

இத்தனை நேரம் சேர்ந்தாற்போல் அவர்கள் பேசி எத்தனையோ காலமாகிவிட்டது.

"நேத்து மறுபடி ஸ்கேன் எடுத்தாங்க" என்றாள் அக்கா மெதுவாக. "உன்கிட்ட சொல்லலாம்னுதான் நேத்து ராத்திரியே கூப்பிட்டேன். வழக்கம்போல அப்புறம் பேசறேன்னுட்டே."

"இப்போ சொல்லு."

அக்கா சொன்னாள். நல்லதும் இருந்தது, நல்லதல்லாததும் இருந்தது. எறும்பு ஒன்றையும் துடைக்காமல், எழுந்திருக்காமல், முழுவதையும் கேட்டாள். ஜன்னல் வழியாக வந்த வெயில் தொட்டித் தண்ணீரில் விழுந்து, குடுவைக்குள் இருந்த சிவப்பைக் காட்டியது.

ஒரு மணி நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. அது அக்காவின் காதிலும் விழுந்தது.

"உன் மணி அடிச்சிருச்சு, போ. வேலையைப் பாரு."

எறும்பு மணியை அணைத்தாள். முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஆறட்டும் அக்கா" என்றாள். "இன்னும் கொஞ்சம் ஆறட்டும். நீ சொல்லு."